வீட்டு விலையில் 1 சதவீதம்: பராமரிப்புக்கு இந்தக் கணக்கு சரிப்படுமா?

மேஸ்திரிக்கணக்கு:
கடன் தவணை போக, வீட்டு விலையில் ஆண்டுக்கு 1 சதவீதத்தைப் பராமரிப்புக்கு எடுத்து வையுங்கள் என்கிறார்கள். இந்த விதியே கோளாறு. விலையில் பெரும்பங்கு மண்ணுக்கு. மண்ணுக்கு எதற்கு வாட்டர்புரூஃபிங்? ஒரே அளவில் கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்று நகர நடுவிலும் மற்றது ஒதுக்குப்புறத்திலும் இருந்தால், மொட்டைமாடி இரண்டிலும் ஒரே மாதிரிதான் ஒழுகும். மண் விலையால் ஒதுக்கீடு மட்டும் ஏன் மூன்று மடங்கு வேறுபட வேண்டும்? எது எப்போது பழுதாகும் என்று பட்டியல் போட்டு ஒதுக்குங்கள்.

சதவீதமே_போதும்:
மண் விலையைக் கழித்துவிட்டு, திரும்பக் கட்ட ஆகும் செலவில் சதவீதம் போடுங்கள். தீர்ந்தது. புது வீட்டுக்கு 1, இருபது வயது தாண்டியதற்கு 2. எது எப்போது பழுதாகும் என்று ஜோசியமா பார்க்க முடியும்? மாதம் பிறந்ததும் பணம் தானாகத் தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பட்டியலெல்லாம் இரண்டு மாதம் தாங்காது.

மேஸ்திரிக்கணக்கு:
தேதி தெரியாது, ஆனால் வரம்பு தெரியும். வெளிப்புறப் பெயின்ட் 5 முதல் 7 ஆண்டு. மாடி வாட்டர்புரூஃபிங் சுமார் 10 முதல் 15. டேங்க் வைத்த கீசர் 8 முதல் 12. ஒவ்வொன்றுக்கும் மாற்றும் செலவை *மீதமுள்ள* ஆயுளால் வகுக்க வேண்டும். பழைய வீடு வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். உதாரணமாக, திரும்பக் கட்டும் செலவு 100 பங்கு, வாட்டர்புரூஃபிங் 3 பங்கு, ஆயுள் 12 ஆண்டு என்று வையுங்கள். 3-ஐ 12-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 0.25. ஆனால் 7 ஆண்டு ஏற்கெனவே ஓடிவிட்டதே? மீதி 5. அப்போது 0.6. வேலைக்கூலியும் பொருளும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 5 ஆண்டில் அந்த 3 பங்கு 4 ஆகிவிடும், ஆண்டுக்கு 0.8. உங்கள் 1 சதவீதத்தில் முக்கால்வாசிக்கு மேல் மாடி ஒன்றே தின்றுவிட்டது. பெயின்டுக்கும் பைப்புக்கும் எங்கே போவீர்கள்?

கடன்முதல்:
இரண்டு பேரும் பணத்தைச் சும்மா தூங்கவைக்கச் சொல்கிறீர்கள். சேமிப்புக் கணக்கு தரும் வட்டியைவிடக் கடனுக்குக் கட்டும் வட்டி அதிகம். அசலை முன்கூட்டியே அடைத்தால் அதுவே லாபம்.

சதவீதமே_போதும்:
அடைத்த அசலைத் திரும்ப எடுக்க உங்கள் கடனில் வசதி இருந்தால் சரி. இல்லையென்றால், மோட்டார் காயில் எரிந்த அன்று கிரெடிட் கார்டைத் தேய்ப்பீர்கள். சேமித்த வட்டியைவிட அது கூடுதலாகப் பிடுங்கிக்கொள்ளும். இதில் மேஸ்திரியும் நானும் ஒரே கட்சி என்று நினைக்கிறேன்.

ஈரச்சுவர்:
ஒதுக்கும் தொகைக்கு மட்டும் சண்டை போடுகிறீர்கள். எதைத் தள்ளிப்போடலாம், எதைக் கூடாது என்று யாருமே பேசவில்லை. பெயின்ட் மங்கினால் காத்திருக்கலாம். தண்ணீர் புகும் இடம் காத்திருக்காது. மாடி விரிசல் வழியே ஈரம் கம்பிவரை போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் உருவான இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் சில்லுசில்லாகப் பெயரும். விரிசலை அடைக்க அரை நாள் வேலை. பெயர்ந்த பிறகோ, உளுத்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம்வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பியும் சேர்க்க வேண்டும். வெறும் சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு தொடரும், பூச்சு மறுபடி விழும்.

கீசரும் அப்படித்தான். இரும்பு டேங்குக்குள் இருக்கும் மக்னீசியம் ஆனோடு கம்பி, டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே வைத்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மக்னீசியம் கரைந்து அதன் நடுவிலுள்ள மெல்லிய கம்பி வெளியே தெரிந்தால் மாற்றுங்கள். கடினநீர் என்றால் ஆண்டுதோறும். அது கரைந்த பின் அரிப்பு டேங்குக்குத் தாவும். ஓட்டை விழுந்த டேங்கை அடைத்து ஓட்ட முடியாது.

மேஸ்திரிக்கணக்கு:
ஈரச்சுவர் சொன்னதே என் பட்டியலுக்கு ஆதாரம். ஆனோடு கம்பியை எந்தச் சதவீதம் நினைவுபடுத்தும்?

சதவீதமே_போதும்:
அது நாள்காட்டியின் வேலை, பட்ஜெட்டின் வேலை இல்லை. சரி, ஒன்று ஒப்புக்கொள்கிறேன். புது வீட்டில் எல்லாம் ஒரே ஆண்டில் பொருத்தியவை. பத்தாம் ஆண்டுவாக்கில் கீசர், மோட்டார், மாடி எல்லாம் வரிசைகட்டி நிற்கும். முதல் ஒன்பது ஆண்டில் மிஞ்சியதை ஃபர்னிச்சர் வாங்கக் கைவைக்காமல் இருந்தால்தான் என் கணக்கு தாங்கும்.

கடன்முதல்:
காப்பீட்டையும் இந்தத் தொகையில் சேர்ப்பீர்களா?

மேஸ்திரிக்கணக்கு:
பிரீமியம் தனி. ஆனால் காப்பீட்டுத் தொகையும் மண்ணைக் கழித்த கட்டுமானச் செலவுதான். குறைத்துக் காட்டிப் பிரீமியம் மிச்சம் பிடிக்காதீர்கள். பல பாலிசிகளில் விகிதக் கழிவு உண்டு: 100 பங்கு கட்டடத்தை 50-க்கு காப்பீடு செய்தால், 20 பங்கு சேதத்துக்கு 10தான் வரும். தேய்மானத்தாலும் மெல்லக் கசிந்தும் வந்த சேதத்தைப் பெரும்பாலும் ஏற்கவே மாட்டார்கள். அது இந்தக் கணக்கிலிருந்துதான் போகும்.