நண்டு பதப்படுத்தும் ஆலையைப் பால்ட்ரிஜ் கட்டமைப்பால் மதிப்பிடுவது எப்படி?

தொண்டிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்திற்கும் இடையே உள்ள ஒரு நண்டு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். நீலக்கால் நண்டை வாங்கி, அவித்து, சதை பிரித்து, தரம் பார்த்து டப்பாவில் அடைத்து, பாஸ்டரைஸ் செய்து ஏற்றுமதி செய்கிறோம். நான்கு ஊர்களில் ஏஜென்டுகள் நடத்தும் அவிப்புக் கூடங்களிலிருந்து நண்டு வருகிறது. ஆலையில் சதை பிரிக்கும் பெண்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி.

ஹெச்ஏசிசிபி (உணவில் கேடு நேரக்கூடிய கட்டங்களைக் கண்டறிந்து கட்டுப்படுத்தும் முறை) நடைமுறையும் ஏற்றுமதி ஆய்வு கவுன்சிலின் ஒப்புதலும் எங்களிடம் உள்ளன. அண்மையில் ஒரு கருத்தரங்கிற்குப் போய்வந்த முதலாளி, கம்பெனியைப் பால்ட்ரிஜ் செயல்திறன் மேன்மைக் கட்டமைப்பின்படி (ஒரு நிறுவனம் எப்படி நடத்தப்படுகிறது என்பதைக் கேள்விகளால் மதிப்பிடும் அமெரிக்க முறை) மதிப்பிட்டுத் தருமாறு கூறி, ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார். அதன் அத்தியாயங்களைத் துறைவாரியாகப் பிரித்துக் கொடுத்தேன். நாற்பது பக்கங்கள் திரும்பி வந்தன. படித்தால் கம்பெனி விளம்பரம் போல இருக்கின்றன. இது சான்றிதழ் ஆய்விலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது, மதிப்பெண் எப்படி இடுவது, கடலை நம்பிய தொழிலில் 'போக்கு' என்று எதைக் காட்டுவது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பரமக்குடி மதிப்பீட்டாளர் (ஓய்வு) எழுதியது:

ஐயா, நாற்பது பக்கங்களையும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். 1987இல் அமெரிக்காவில் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட விருதுக்கு, அதே ஆண்டில் இறந்த வணிகத் துறைச் செயலர் மால்கம் பால்ட்ரிஜின் பெயரைச் சூட்டினார்கள். அந்த விருதுக்காக உருவான கேள்விகளே சுயமதிப்பீட்டிற்கும் பயன்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 'எவ்வாறு' என்று கேட்பவை. 'எங்கள் நிறுவனம் தரத்திற்கு முதலிடம் தருகிறது' என்பது அப்படிப்பட்ட கேள்விக்கு விடையாகாது. துறைவாரியாகப் பிரித்துக் கொடுத்தால் விளம்பரம்தான் திரும்பி வரும். ஏனெனில் ஒவ்வொருவரும் தம் துறையைக் காப்பாற்றவே எழுதுவார்கள்.

2021-22 பதிப்பின்படி மொத்தம் 1000 மதிப்பெண்கள். தலைமைக்கு 120, உத்திக்கு 85, வாடிக்கையாளருக்கு 85, அளவீடும் அறிவு மேலாண்மையும் 90, பணியாளர்களுக்கு 85, செயல்பாடுகளுக்கு 85. எஞ்சிய 450 முழுவதும் முடிவுகளுக்கு. முதல் ஆறு பிரிவுகளில் அணுகுமுறை (வேலையைச் செய்யும் முறை), பரவல் (அம்முறை எல்லா இடங்களிலும் நடைமுறையில் இருப்பது), கற்றல் (அதைத் திருத்தி மேம்படுத்துவது), ஒருங்கிணைவு (அது நிறுவனத்தின் மற்ற நோக்கங்களோடு இசைவது) ஆகிய நான்கையும் பார்க்கிறோம். இவற்றில் நம் பக்கத்து ஆலைகள் தடுக்கி விழுவது பரவலில்தான்.

உங்கள் அவிப்புக் கூடங்களையே எடுத்துக்கொள்வோம். ஆலைக்குள் வெப்பநிலைப் பதிவேடு ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். நான்கு ஊர்களிலும் அதே பதிவேடு இருக்கிறதா? மாலையில் படகு தாமதமாக வரும் நாளில் யார் பார்க்கிறார்கள்? நான்கில் ஒன்றில் மட்டும் பதிவேடு இன்னும் தொடக்க நிலையில் இருந்தால், அந்த உட்பிரிவின் மதிப்பெண்ணில் 30 முதல் 45 சதவீதப் பட்டையில் வைக்கலாம். இரண்டு மூன்று கூடங்களில் எழுத்தே இல்லையென்றால் நான் 10 முதல் 25க்கு மேல் தரமாட்டேன். பிழை நேரக்கூடிய இடமே அதுவாக இருக்கும்போது ஆலைக்குள் உள்ள பதிவேட்டின் அழகு எதற்கு உதவும்? பணிச் செயல்முறைகள் என்ற உட்பிரிவுக்கு 45 மதிப்பெண். அதில் 20 சதவீதம் என்றால் 9. இந்த எண்ணைக் கண்டு முதலாளி முகம் சுளிப்பார், ஆனால் எந்தக் கூடத்திற்கு முதலில் வண்டி எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

முடிவுகளில் நிலை, போக்கு, ஒப்பீடு, ஒருங்கிணைவு ஆகியவை பார்க்கப்படும். போக்கு என்று சொல்லக் குறைந்தது மூன்று கால அளவுகளின் தரவு வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகு நண்டு மட்டுமே வரும் காலத்தை பிப்ரவரியோடு ஒப்பிட்டு 'சரிவு' என்றோ, ஜூலையோடு ஒப்பிட்டு 'ஏற்றம்' என்றோ எழுதுவது பொருளற்றது. தடைக்காலத்தைச் சென்ற ஆண்டின், அதற்கு முந்தைய ஆண்டின் தடைக்காலத்தோடு வையுங்கள். மொத்த டன் கணக்கைவிட, நூறு கிலோ நண்டுக்குக் கிடைத்த சதை எவ்வளவு, டப்பாவில் ஓட்டுத் துணுக்கு இருந்ததாக வந்த புகார்கள் எத்தனை என்பவை கடலின் ஏற்ற இறக்கத்தால் அவ்வளவாகப் பாதிக்கப்படாத அளவுகள்.

பாம்பன் ஐஸ் பிளாண்ட் எழுதியது:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் சிறிய கம்பெனிக்கு முழுப் புத்தகமும் பாரம். நாங்கள் பதினான்கு பேர். முதல் ஆண்டு எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுத முயன்று பாதியில் நிறுத்திவிட்டோம். அடுத்த ஆண்டு, இதே கட்டமைப்பின் சுருக்க வடிவமாக இலவசமாகக் கிடைக்கும் பால்ட்ரிஜ் எக்சலன்ஸ் பில்டரை எடுத்துக்கொண்டு, தொடக்கத்தில் உள்ள நிறுவன விவரக்குறிப்பை மட்டும் இரண்டு மாலை வேளைகளில் உட்கார்ந்து நிரப்பினோம். 'உங்கள் வாடிக்கையாளர் யார்' என்ற இடத்தில் விசைப்படகு உரிமையாளர்கள் என்று எழுதினோம். பிறகு கணக்குப் பிள்ளை ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது, தடைக்காலத்தில் எங்களைத் தாங்கியவர்கள் நாட்டுப்படகு மீனை வாங்கும் சில்லறை வியாபாரிகள் என்பது தெரிந்தது. அவர்களுக்கு முழு ஐஸ் பார் தேவையில்லை, உடைத்த ஐஸ்தான் வேண்டும். உடைக்கும் இயந்திரத்தையோ அந்த மாதங்களில்தான் பழுதுபார்க்க அனுப்பிக்கொண்டிருந்தோம். மதிப்பெண் ஏதும் போடாமலே கிடைத்த பயன் இது.

கீழக்கரை மகள் எழுதியது:

நான் எட்டு ஆண்டுகள் வேறொரு ஆலையில் சதை பிரிக்கும் மேஜைகளின் கண்காணிப்பாளராக இருந்தேன். கேள்வி கேட்ட சகோதரர் ஒரு வாக்கியத்தில் கடந்துபோன கிலோக் கூலியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். எடைக்குத்தான் காசு என்று சொல்லிவிட்டு, ஓட்டுத் துணுக்கு இருக்கக்கூடாது என்றும் சுவரில் எழுதி வைத்தால், பெண்கள் எதைக் கேட்பார்கள்? எங்கள் ஆலையில் துணுக்குப் புகார் வந்தபோதெல்லாம் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வகுப்பு நடக்கும் அரை நாளுக்குக் கூலி கிடையாது. கடைசியில், துணுக்கில்லாத தட்டுக்குக் கிலோவுக்குச் சிறு தொகை கூட்டிக் கொடுத்த பிறகே புகார் குறைந்தது. பணியாளர் பிரிவுக்கு விடை எழுதுவதற்கு முன், கண்காணிப்பாளர் இல்லாத நேரத்தில், சாப்பாட்டு வேளையில், மேஜைப் பெண்களிடம் ஒரு பெண் உட்கார்ந்து கேட்க வேண்டும். அலுவலகத்திற்கு அழைத்துக் கேட்டால் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்ற ஒரே விடைதான் வரும்.

தொண்டிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று நான்கு அவிப்புக் கூடங்களுக்கும் போய்வந்தேன். இரண்டில் பதிவேடு இல்லை. ஒன்றில் இருந்தது, ஆனால் ஒரு வாரத்திற்குரிய எண்கள் அனைத்தும் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை போல் இருந்தன. சாப்பாட்டு வேளையில் பேச எங்கள் ஆய்வகப் பெண்ணை அனுப்பினேன். கூலி பற்றி அந்த அம்மா எழுதியதையேதான் இங்கும் சொல்லியிருக்கிறார்கள். பரமக்குடி ஐயாவிடம் ஒரு சந்தேகம்: கூலி முறை தரத்திற்கு எதிராக இழுப்பதைப் பணியாளர் பிரிவில் குறைப்பதா, செயல்பாடுகளில் குறைப்பதா?

பரமக்குடி மதிப்பீட்டாளர் (ஓய்வு) எழுதியது:

ஒரே குறைக்கு இரண்டு இடத்தில் வெட்ட வேண்டாம். பணியாளர் ஈடுபாடு என்ற உட்பிரிவில், ஒருங்கிணைவு இல்லை என்று குறியுங்கள். செயல்பாடுகளில் அதைச் சுட்டிக்காட்டி ஒரு வரி போதும். ஒரே மூச்சில் எழுதிய அந்தப் பதிவேட்டை மட்டும் 'பதிவேடு இல்லை' என்ற கணக்கிலேயே சேருங்கள்.