பேர்ச்சல் கொழும்பைக் காப்பாற்றினாரா?

வெள்ளவத்தை வாத்தியார்: ரத்மலானை விமானப்படை மியூசியத்துக்குத் தரம் 9 பிள்ளைகளைக் கூட்டிப்போன ஒரு டீச்சர், "பேர்ச்சல் என்ற விமானி கொழும்பைக் காப்பாற்றினார், பிள்ளைகள் படிக்கவேண்டியது அதைத்தான்" என்று நேற்று எழுதியிருக்கிறார். வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று அந்தக் கனேடியர் கட்டலீனா விமானத்திலிருந்து ஜப்பான் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார், சரி. மறுநாள் ஈஸ்டர் காலை கொழும்பைத் தாக்க வந்த ஜப்பான் விமானங்கள் தலைக்கு மேல் வரும்வரை ரத்மலானையில் பிரித்தானியரின் போர் விமானங்கள் தரையில் நின்றன. இதுவா காப்பாற்றியது?

கொட்டாஞ்சேனை டீச்சர்: அந்த டீச்சர் நான்தான். அந்தச் செய்தி வந்தபடியால்தான் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறின. அந்த மனுஷன் சுடப்பட்டுக் கடலில் விழுந்து, 1945 வரை ஜப்பானியரிடம் கைதியாகக் கிடந்தார். உங்களுக்கு அது ஒன்றுமில்லையா?

வெள்ளவத்தை வாத்தியார்: வெளியேறிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள் டோர்செட்ஷயரும் கோர்ன்வாலும் மறுநாளே மூழ்கி 424 பேர் செத்தார்கள். உள்ளே நின்ற டெனடோஸும் ஹெக்டரும் துறைமுகத்திலேயே போயின. விமானங்கள் ஏன் தரையில் நின்றன? அதைச் சொல்லுங்கள்.

ஆமர் வீதி: பேர்ச்சல் இல்லை, பிர்ச்சல். முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள்.

வெள்ளவத்தை வாத்தியார்: முப்பது வருஷம் வரலாறு படிப்பித்தவனுக்கு நீங்கள் எழுத்துப் படிப்பிக்க வேண்டாம்.

தெஹிவளைத் தம்பி: அங்கொடை மனநல மருத்துவமனையில் குண்டு விழுந்து நோயாளிகள் செத்தார்களே, அதை ஏன் ஒருவரும் பேசவில்லை? ரேஸ்கோர்ஸில் இன்று ரகர் விளையாடும் பிள்ளைக்கு அது அன்று ஓடுபாதையாக இருந்தது தெரியுமா? அப்புறம், 1981இல் எரிந்த யாழ் நூலகத்தின் கதையை எந்த மியூசியத்தில் காட்டுவீர்கள்?

வெள்ளவத்தை வாத்தியார்: பேச்சை மாற்றாதீர்கள் தம்பி. போன மாதம் ட்ராம் வண்டி விவாதத்தையும் இப்படித்தான் குழப்பினீர்கள்.

தெஹிவளைத் தம்பி: ட்ராம் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. நீங்கள் இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

கொட்டாஞ்சேனை டீச்சர்: ஐயா, மியூசியம் முடிந்து போரில் இறந்தவர்களைப் புதைத்த ஜாவத்தை லிவரமெந்து மயானத்துக்கும் போனோம். ஒரு பெடியன் கல்லில் இருந்த வயதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கட அண்ணாவின்ர வயசு, டீச்சர்" என்றான். பஸ்ஸில் திரும்பும்வரை வாய் திறக்கவில்லை. உங்கள் முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளையையாவது அங்கே கூட்டிப்போனீர்களா?

வெள்ளவத்தை வாத்தியார்: பிள்ளை கலங்குவது வேறு, நடந்தது வேறு. அந்தக் கல்லுக்குக் கீழே கிடப்பவன் ஏன் செத்தான் என்று அவனுக்குச் சொன்னீர்களா? முதல் நாளே எச்சரிக்கை வந்தும் மேலே இருந்தவர்கள் கோட்டைவிட்டார்கள். ஒரு வீரனின் படத்தைக் காட்டி அந்தப் பிழையை மூடுகிறீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

கொட்டாஞ்சேனை டீச்சர்: கப்பல்கள் வெளியேறின.

வெள்ளவத்தை வாத்தியார்: விமானங்கள் தரையில் நின்றன.

ஆமர் வீதி: இன்னும் பேர்ச்சல் என்றுதான் தலைப்பில் இருக்கிறது.