புதுப்பிப்பு: மழைக் காலையில் ‘டக்’ சத்தத்தோடு நின்றுவிடும் கார்

என் கார் ஜம்ப் (வேறு பேட்டரியிலிருந்து கேபிள் வழியே மின்சாரம்) கொடுத்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். கோளாறு பேட்டரியில் இல்லை, எர்த் கேபிளில் (பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் கேபிள்).

பேட்டரி 12.6 வோல்ட். சாவியைத் திருப்பும்போதும் 11-க்குக் கீழே இறங்கவில்லை (9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம், சிங்கப்பூர் வெயில் அதைச் சீக்கிரம் தின்றுவிடும்). பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் போஸ்டிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்த்தால் 1.8 வோல்ட் அந்தக் கேபிளிலேயே வீணாகிறது! 0.2 தாண்டவே கூடாது. இன்ஜின் பக்கம் கேபிள் முனை துருப்பிடித்திருந்தது. ஜம்ப் கேபிளின் கறுப்புக் கிளிப்பை இன்ஜின் உலோகத்தில் மாட்டும்போது மின்சாரம் துருப்பிடித்த முனையைத் தவிர்த்து அந்த வழியே போய்விடுகிறது. ஜம்ப்புக்கு மட்டும் கார் மசிந்தது அதனால்தான்.

நெகட்டிவை முதலில் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகே கிரீஸ். இப்போது 0.1.