தம்பி தனியா டெல்லிக்கு மாங்கா லோடு ஓட்டிட்டுப் போறேங்கறான், எப்படி நிறுத்தறது?

சந்தூர்க்காரி:
வணக்கங்க. கிருஷ்ணகிரி பக்கம் சந்தூர்ல அப்பாவுக்கு சின்னதா மாங்கா மண்டி. கூழ் ஃபேக்டரிக்காரங்க தோத்தாபுரி மாங்காவுக்கு தர்ற ரேட்டு பறிகூலி, வண்டி வாடகைக்கே பத்தல, தோட்டக்காரங்களுக்கு முன்பணம் கொடுத்தது எல்லாம் வட்டிக்கு வாங்குன காசு. இப்ப டெல்லி ஆசாத்பூர்ல ஒரு கமிஷன் கடைக்காரர் திங்கக்கிழமை காலைக்குள்ள லோடு இறக்குனா நல்ல ரேட்டு போட்டுத் தர்றேன்னு போன்ல சொல்லிட்டார், அதைக் கேட்டதுலேர்ந்து தம்பி நம்ம ஐச்சர் லாரியிலயே 40 மணி நேரத்துல போயிடுவேன்னு குதிக்கறான். தனியா. கிளீனர் கூட வேணாமாம். வயசு 22, கையில இருக்கறது கார் லைசென்ஸ் மட்டும். சேலம் போறப்ப தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல்ல விட்டு அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற ஆளு. அப்பா வாயே திறக்கல, அம்மா எலுமிச்சம்பழம் வாங்கி வெச்சிட்டாங்க. ஓட்டற அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க, இது நடக்கற காரியமா?

பத்துசக்கரம்:
நடக்காதும்மா. கிருஷ்ணகிரிலேர்ந்து டெல்லி 2,200 கிலோமீட்டருக்கு மேல. ஓசூர், பெங்களூரு, அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத், நாக்பூர், சாகர், ஜான்சி, ஆக்ரான்னு 44ஆம் நம்பர் ரோட்டை விட்டு இறங்காமலே போயிடலாம், ஆனா லோடு வண்டி டோல், டீசல், சாப்பாடு எல்லாம் சேர்த்து மணிக்கு 45 எடுத்தாலே பெரிசு, அப்படிப் பார்த்தா கண்ணை மூடாம ஓட்டினாலும் 49 மணி நேரம் ஆச்சு. வேகமா மிதிச்சா மிச்சமாகும்னு நினைக்கறான் பாருங்க, 60ல போறதுக்கும் 80ல போறதுக்கும் நூறு கிலோமீட்டருக்கு 25 நிமிஷம்தான் வித்தியாசம், ஒரு பஞ்சர் ஆச்சுன்னா அதுவும் போச்சு. ரெண்டாவது ராத்திரி விடியக்காலை மூணு மணிக்கு கண்ணு திறந்தே இருக்கும் ஆனா ரோடு தெரியாது, முன்னாடி லைட்டு இல்லாம ஒரு லாரி நின்னா அதோட முடிஞ்சுது. நியூட்ரல் கதையையும் விடாதீங்க. தொப்பூர்ல குறைஞ்ச கியர்ல இறங்கணும்னா சும்மா சொல்லல, கியர்ல இருந்தாதான் எஞ்சின் வண்டியைப் பிடிச்சு நிறுத்தும், நியூட்ரல்ல விட்டா மொத்த லோடும் பிரேக் மேல ஏறும், டிரம் சூடாகி புகை வரும், அப்புறம் மிதி மிதின்னு மிதிச்சாலும் பிடிக்காது. இரட்டைப்பாலத்துக்கிட்ட நசுங்கிக் கிடக்கிற வண்டியில பாதி இந்த கேஸ்தான்.

ஓசூர்வாசி:
லைசென்ஸ்தான் முதல்ல இடிக்குது. சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர்ல சொன்னது என்னன்னா கார் லைசென்ஸ் வெச்சு மொத்த எடை 7,500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டி ஓட்டலாம். உங்க ஆர்.சி புக்கை எடுத்துப் பாருங்க, 17 அடி ஐச்சர்னா அதைத் தாண்டியிருக்க வாய்ப்பு இருக்கு. அப்படின்னா ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் வண்டிக்கு கை விரிச்சிடுவான், எதிராளிக்குக் கொடுத்த காசையும் உங்க அப்பாக்கிட்டயே திரும்ப வசூல் பண்ணுவான், மண்டி இல்ல வீடே போயிடும். நேஷனல் பெர்மிட் இருக்கா? இல்லைன்னா கர்நாடகா எல்லையில அத்திப்பள்ளி தாண்டறதே கஷ்டம். ஓவர்லோடுக்கு 20,000 ஃபைன், மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

வேகம்98:
எல்லாரும் பயமுறுத்தறீங்க. வீட்டுக் கடனை அடைக்கணும்னு ஒரு பையன் கிளம்பறான், இந்தக் காலத்துல அதுவே பெருசு. நாலு டீயைப் போட்டு ஓட்டிடுவான் விடுங்க.

பத்துசக்கரம்:
தம்பி, டீ குடிச்சா ஒண்ணுக்குதான் வரும்.

மண்டிக்காரன் காவேரிப்பட்டணம்:
எனக்கு ஒண்ணு புரியல, தோத்தாபுரிக்கு எதுக்கு 40 மணி நேரம்? செந்தூரான்னா சரி, சீக்கிரம் குழைஞ்சிடும். தோத்தாபுரி நல்லா விளைஞ்ச காயா காம்போட பறிச்சு, பால் வடிய கவுத்து வெச்சு, கிரேட்ல வைக்கோல் போட்டு அடுக்குனா ஒரு வாரம் அசையாது. பால் தோல்ல பட்டா கருப்பு விழும், டெல்லிக்காரன் அதைக் காட்டித்தான் விலையைக் குறைப்பான். தார்ப்பாயை இறுக்கிக் கட்டாதீங்க, காத்துப் போகணும், உள்ள சூடானா போற வழியிலயே பழுத்துடும். அவசரம் காய்க்கு இல்ல, அந்தக் கடைக்காரருக்கு. திங்கக்கிழமைன்னா என்ன ரேட்டு, புதன்கிழமைன்னா என்ன ரேட்டுன்னு வாட்ஸ்அப்புல எழுத்துல வாங்குங்க, பாதி பணம் பேங்க்ல போடச் சொல்லுங்க, போடலைன்னா அந்த நல்ல ரேட்டெல்லாம் வாய்ப்பேச்சுதான். ஆனா ரொம்பத் தள்ளிப் போடவும் கூடாது, அங்க அவங்க ஊரு தசேரி, லங்டா மாம்பழம் இறங்கிடுச்சுன்னா நம்ம காயைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

சந்தூர்க்காரி:
பெர்மிட் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான், இப்பதான் அப்பா வாயைத் திறந்து சொன்னார். கடைக்காரர்கிட்ட எழுத்துல கேட்டேன், புதன்னா கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மியாம், அவ்வளவுதான். அட்வான்ஸ்க்கு இன்னும் பதில் வரல. ரெண்டு டிரைவரோட நேஷனல் பெர்மிட் வண்டி பேசப் போறோம், தம்பி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான், சாவி என்கிட்ட.

மண்டிக்காரன் காவேரிப்பட்டணம்:
அட்வான்ஸ் வராம லோடு ஏத்தாதீங்க. தம்பியை ரயில்ல முன்னாடியே அனுப்புங்க, இறக்கறப்ப எடை போடற இடத்துல நம்ம ஆளு ஒருத்தன் நின்னே ஆகணும்.