ஐந்தெழுத்துச் சாவிச் சொல்லைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தபாலில் வரவழைத்து வீட்டு மேசையிலேயே விளையாடும் துப்பறியும் புதிர்ப் பெட்டி ஒன்றில், அப்பாவும் தங்கையும் நானும் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறோம். கலங்கரை விளக்கக் காவலர் ஒருவர் மர்மமாக இறந்துபோன கதை. பிரேதப் பரிசோதனை அறிக்கை, பழுப்பேறிய செய்தித்தாள் துண்டு, ஒரு ரயில் டிக்கெட், நான்கு கடிதங்கள், அப்புறம் பூட்டுப் போட்ட சின்னத் தகரப் பெட்டி. அதுதான் இன்னும் திறக்கவில்லை.

மூன்றாவது கடிதத்தின் பின்பக்கம் பென்சிலில் ஏழு வரி சங்கேதம், எல்லாம் ஆங்கில எழுத்துகள். சீசர் முறை (எல்லா எழுத்தையும் அகர வரிசையில் ஒரே அளவு நகர்த்துவது) என்று நினைத்து 25 நகர்த்தல்களையும் போட்டுப் பார்த்தோம், வரவில்லை. எழுத்துகளை எண்ணிப் பார்த்தால், ஆங்கிலத்தில் ‘E’ தூக்கலாகத் தெரிய வேண்டும், இதில் எதுவுமே அப்படித் தனித்துத் தெரியவில்லை. அதனால் விஜினேர் முறையாக (ஒரு சாவிச் சொல்லின் எழுத்துகளைத் திரும்பத் திரும்ப வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் வெவ்வேறு அளவு நகர்த்துவது) இருக்கும் என்று தோன்றியது. ஒரு மூன்றெழுத்துத் தொடர் 15 எழுத்து தள்ளியும் இன்னொன்று 40 எழுத்து தள்ளியும் திரும்ப வருகிறது. 1863இல் கசிஸ்கி வெளியிட்ட வழிப்படி, இப்படித் திரும்ப வரும் தூரம் சாவிச் சொல்லின் நீளத்தின் மடங்காக இருக்கும்; 15, 40 இரண்டையும் வகுக்கும் எண்ணைப் பார்த்தால் சாவிச் சொல்லுக்கு ஐந்து எழுத்து இருக்க வேண்டும்.

நேற்று இரவு தங்கை அந்த டிக்கெட்டை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தபோது இரண்டு எழுத்துகளுக்குக் கீழே ஊசித் துளை தெரிந்தது, எங்களுக்குத் தூக்கமே போய்விட்டது! மற்ற மூன்று வேறு தாள்களில் இருக்குமா? இல்லை, இந்த இரண்டை வைத்தே மீதியைப் பிடிக்க வழி இருக்கிறதா? இந்த மாதிரிப் பெட்டிகள் விளையாடியவர்கள் சொல்லுங்கள். விடை வேண்டாம், எங்கே தேடுவது என்று மட்டும் சொன்னால் போதும், அப்பா தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறார்.