ஓடையில் பொன் அரித்தவர்கள் அனுபவத்தைப் பகிரலாம்

அண்ணாநகர்வாசி:
வடமேற்குக் கனடாவின் குளோண்டைக் பகுதிக்குப் பொன் தேடிக் கூட்டம் கூட்டமாக மக்கள் போன கதை இங்கு எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கனடாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, குளோண்டைக்கில் உள்ள பொனான்சா ஓடையில் பொதுமக்கள் இலவசமாக அரித்துப் பார்க்க விட்டிருக்கும் இடத்தில் நானும் என் மனைவியும் இறங்கினோம். 1896 ஆகஸ்டில் ஸ்கூக்கம் ஜிம்மும் கார்மாக்கும் பொன்னைக் கண்டபோது அதற்கு முயல் ஓடை என்று பெயர். முப்பது ஆண்டுகள் பொறியாளராக இருந்த நான், தட்டைச் சுழற்றிக் கூழாங்கற்களை விலக்கி, அடியில் தங்கிய கருமணலை அழுக்கென்று எண்ணி ஓடையிலேயே கவிழ்த்துவிட்டேன். பிறகு தட்டை வாங்கிய என் மனைவி, வீட்டில் அரிசியில் கல் அரிக்கும் அதே அசைவில் தண்ணீரை முன்னும் பின்னும் அலையவிட்டாள். கருமணல் பிறைபோல ஒதுங்கியது. அதன் ஓரத்தில் கடுகில் பாதிகூட இல்லாத மூன்று துகள்கள் நின்றன. தட்டைச் சாய்த்தபோது மணல் நகர்ந்தது, அவை நகரவில்லை. நான் கவிழ்த்ததில் என்ன இருந்திருக்கும் என்ற கேள்வி இரண்டு ஆண்டுகளாக என்னை விடவில்லை.

பட்டறைப்பிள்ளை:
அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை, ஐயா. சவுகார்பேட்டையில் என் தகப்பனாரின் நகைப் பட்டறை வாசலில், விடிவதற்கு முன்பே ஒரு பெரியவர் சாக்கடை மண்ணை வாரி இரும்புச் சட்டியில் அரிப்பார். ஒருநாள் அவர் பாதரசம் விட்டுப் பிசைந்த மண்ணைக் கழுவி, மிஞ்சியதைத் துணியில் முடிந்து பிழிந்தார். பாதரசம் துணி வழியே வெள்ளி முத்துகளாகச் சிந்தியது. உள்ளே பொன்னும் பாதரசமும் கலந்த ஓர் உருண்டை சாம்பல் நிறத்தில் நின்றது. அதை மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், இட்டு ஊதியபோது புகை அவர் முகத்தின் மேலேயே போனது. பத்து வயதில் பார்த்த அந்தப் புகை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஓடை செய்வதும் சாக்கடை செய்வதும் ஒரே வேலைதான்.

பாறைப்பித்தன்:
மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. சாக்கடையில் இருப்பது நேற்று அரத்திலிருந்து உதிர்ந்த பொன். ஓடையில் இருப்பது பல லட்சம் ஆண்டுகளாக மலை கரைந்து சேர்ந்த பொன். மணலில் பெரும்பங்கான படிகக்கல் (குவார்ட்ஸ்) தண்ணீரைப்போல் 2.65 மடங்கும், தூய பொன் 19.3 மடங்கும் அடர்த்தி உள்ளவை என்பதால், வெள்ளம் மணலை அடித்துப் போனாலும் பொன் சரளையின் அடிக்கு இறங்கி அடிப்பாறையின் பிளவுகளில் அடைந்துகொள்ளும். பனியுகத்தில் வடகனடாவின் பெரும்பகுதியைச் சுரண்டிப்போன பனிப்பாளங்கள் குளோண்டைக்கை மூடவில்லை. அதனால்தான் அங்கே சேர்ந்தது கலையாமல் கிடந்தது. நிலமோ ஆண்டு முழுதும் உறைந்தே இருந்ததால், குளிர்காலமெல்லாம் தீ மூட்டி இளக்கிக் குழி தோண்டி, எடுத்த சரளையை மேலே குவித்து, வசந்தத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகே மரக்கால்வாய்களில் விட்டுக் கழுவினார்கள். பின்னாளில், 1912-இல் கட்டப்பட்டு 1959 வரை இயங்கிய படுகையைத் தோண்டிப் பொன் சலிக்கும் நான்காம் எண் மிதவை இயந்திரம் ஓடையையே தலைகீழாகப் புரட்டிப் போட்டது. அண்ணாநகர் ஐயா அங்கே பார்த்திருக்கக்கூடிய கற்குவியல்களில் பல, இத்தகைய இயந்திரங்கள் கழித்துத் தள்ளியவையே.

என் அனுபவம் சிறியது. கல்லூரிக் காலத்தில் நீலகிரியில் உள்ள தேவாலாவில் கைவிடப்பட்ட ஒரு சுரங்கக் குழியில் கல் ஒன்றைப் போட்டேன். விழுந்த ஓசை கேட்கவே இல்லை. 1880 வாக்கில் லண்டனில் பங்கு விற்று அங்கே பாறைக்குள் பொன் பொதிந்த படிகக்கல் நரம்புகளைத் தேடிய நிறுவனங்கள் சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போயின. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பழங்குடிகளான குறும்பர்களும் பணியர்களும் ஓடைகளில் அரித்துக்கொண்டிருந்தார்கள்.

காந்தக்காரர்:
கேரளத்து நிலம்பூரில் சாலியாற்றின் கரையில் ஓர் அம்மா மரத்தட்டில் அரிப்பதைப் பத்து நிமிடம் பார்த்தேன். கை வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்க நாக்கு எழவில்லை. அதுதான் என் குறை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இனி யாரும் கருமணலை எறியாதீர்கள். நன்றாக உலர்த்தி ஒரு தாளில் பரப்பி, தாளின் அடியில் காந்தத்தை மெல்ல இழுத்தால் இரும்புத்தாது கூடவே நகரும். பொன் அப்படியே நிற்கும். ஒரே இழுப்பில் முடித்துவிடாதீர்கள், இரும்போடு பொன்னும் ஒட்டிக்கொண்டு போகும். மின்னுவதெல்லாம் பொன்னா என்று ஐயம் வந்தால் நிழலில் வைத்துப் பாருங்கள்: காக்கைப்பொன் (மைக்கா) வெயிலில்தான் துள்ளும், தண்ணீரிலும் எளிதில் அடித்துப் போகும், பொன் நிழலிலும் அதே மஞ்சள்தான். ஊசியால் குத்தினால், பொன்போல மின்னும் பைரைட் என்ற கனிமம் நொறுங்கும், பொன் குழியும். பாதரசத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் சூடாக்காதீர்கள். அதன் ஆவி நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும். பட்டறைப்பிள்ளை சொன்ன பெரியவரிடம் அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பட்டறைப்பிள்ளை:
சொன்னோம். அடுப்புக்கு யார் காசு தருவார்கள் என்று கேட்டார்.

அண்ணாநகர்வாசி:
காந்த யோசனைக்கு நன்றி. என் மனைவி அரித்த மூன்று துகள்களும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் பூஜை அறையில் இருக்கின்றன. என்னுடைய கருமணல் பொனான்சா ஓடையிலேயே இருக்கிறது.