ஹார்ட் டிஸ்கில் கோப்புகள் சிதறுவது ஏன்? டிஃப்ராக் செய்தால் வேகம் கூடுமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் ஸ்டுடியோவின் விண்டோஸ் 10 கணினியில், திருமண வீடியோக்களை 1 டிபி ஹார்ட் டிஸ்கில் (7200 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 7200 சுழற்சி) வைத்திருக்கிறோம். புதியவற்றை ஏற்றுவதும், வேலை முடிந்தவற்றை நீக்குவதுமாக இருப்பதால் காலியிடம் 60 ஜிபியைத் தாண்டுவதில்லை. இப்போது வீடியோ தயங்கித் தயங்கி ஓடுகிறது, டிஸ்க் கரகரக்கிறது. ஆய்வு செய்தால் 38 சதவீதம் சிதறல் என்று காட்டுகிறது. கோப்பை நீக்கினால் இடம்தானே கிடைக்கும், சிதறல் எங்கிருந்து வருகிறது?

மறுமொழி:
அந்த இடம் ஒரே தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை என்பதுதான் காரணம். விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான என்.டி.எஃப்.எஸ்., பொதுவாக 4 கேபி அளவுள்ள கிளஸ்டர்கள் எனும் சிறு கட்டங்களாக இடம் ஒதுக்குகிறது. நீங்கள் நீக்கிய கோப்புகள் மற்ற கோப்புகளுக்கு இடையே சிறு சிறு வெற்றிடங்களை விட்டுச் செல்ல, அடுத்து வரும் பெரிய வீடியோ அவற்றில் துண்டு துண்டாக எழுதப்படுகிறது. இரண்டு மெமரி கார்டுகளிலிருந்து ஒரே நேரத்தில் நகலெடுத்தாலும் இதே கதிதான்.

7200 ஆர்.பி.எம். டிஸ்க் ஒரு முறை சுழல ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி ஆகும். ஒவ்வொரு துண்டுக்கும் படிக்கும் முனை நகர்ந்து, உரிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், சராசரியாக 13 மில்லி விநாடி வீணாகிறது. 300 துண்டுகள் என்றால் தாவுவதற்கு மட்டுமே ஏறக்குறைய 4 விநாடிகள். டிஃப்ராக் துண்டுகளை அடுத்தடுத்து வைப்பதால் இந்தத் தாவல்கள் குறைகின்றன. ஆனால் துண்டுகளை மாற்றி வைக்கவே அதற்கு இடம் வேண்டும்; 15 சதவீதமாவது காலியாக இருப்பது நல்லது. முதலில் பழைய வீடியோக்களை வெளி டிஸ்குக்கு மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. விண்டோஸ் உள்ள சி டிரைவ் எஸ்.எஸ்.டி. அதற்கும் செய்யலாமா?

மறுமொழி:
வேண்டாம். எஸ்.எஸ்.டி. தரவைச் சிப்புகளில் சேமிப்பது; அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. தரவைத் தேவையின்றி மாற்றி மாற்றி எழுதுவதால் அதன் ஆயுள்தான் குறையும். விண்டோஸின் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் கருவியே எஸ்.எஸ்.டி.யை அடையாளம் கண்டு டிரிம் கட்டளையை (நீக்கிய கோப்புகளின் இடம் இனி தேவையில்லை என்று டிஸ்குக்குச் சொல்வது) அனுப்பிவிடும்.

இன்னொருவர்:
கரகரப்புக்குப் பதிலாக, சீரான இடைவெளியில் "டக் டக்" என்று கேட்டால் டிஃப்ராக்கைத் தொடங்கவே வேண்டாம். ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணித்துத் தருவது) மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது பழுதானதால் வேறு இடம் தரப்பட்ட சிறு பகுதிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலும் அப்படியே. பழுதாகும் டிஸ்கில் மணிக்கணக்காகப் படித்து எழுதுவது ஆபத்து; காப்பு நகல் எடுத்துவிட்டு டிஸ்கையே மாற்றுங்கள்.